ஓர் ஆளுக்கு எவ்வளவு? கொங்கு வட்டாரத் தொழில்களை வைத்து ஓர் உற்பத்தித்திறன் கணக்கு

கோவையிலிருந்து அவினாசி சாலை வழியாகத் திருப்பூருக்குப் பேருந்தில் போனால் ஐம்பது கிலோமீட்டர்தான். அதற்குள் எத்தனை விதமான வேலைகள் கண்ணில் படுகின்றன! பீளமேட்டில் மென்பொருள் அலுவலகங்கள், பம்புசெட் கம்பெனிகள். அதைத் தாண்டினால் நூற்பாலைகள். கருமத்தம்பட்டியில் வலப்பக்கம் திரும்பினால் சோமனூர், தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். கடைசியில் திருப்பூர், சந்துக்குச் சந்து பனியன் கம்பெனி. இவற்றுக்கு நடுவில் தென்னந்தோப்பும் மஞ்சள் காடும்.

இந்த வேலைகளில் எதில் ஓர் ஆள் அதிகமாக உற்பத்தி செய்கிறார்? பொருளாதாரப் புத்தகங்களில் இதற்குத் தொழிலாளர் உற்பத்தித்திறன் என்று பெயர். சூத்திரம் ஒரே வரிதான்: உற்பத்தியை ஆள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஆனால் மேலே எதை வைக்கிறோம், கீழே யாரை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'தையல் வேலைக்காரர்களின் உற்பத்தித்திறன் ரொம்பக் குறைவு' என்று மேடைகளில் சொல்லக் கேட்கும்போதெல்லாம், அந்தக் கணக்கின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் யாராவது பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே தொழிலுக்குள் ஒப்பிடுவது எளிது. கோவையில் சிட்ரா என்று அழைக்கப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் 1956-இல் தொடங்கப்பட்டது. நூற்பாலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட அவர்கள் பயன்படுத்தும் அளவுகளில் ஒன்று எச்.ஓ.கே. அதாவது, 100 கிலோ நூல் நூற்க எத்தனை ஆள்-மணி செலவாகிறது என்ற கணக்கு. நூலின் பருமனை நம்பரால் சொல்வார்கள்; நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். மெலிசான நூலில் ஒரு கிலோ நூற்க நேரம் அதிகம் பிடிக்கும். அதனால் எல்லா ஆலைகளின் கணக்கையும் 40-ஆம் நம்பர் நூலுக்கு நிகராக மாற்றிக்கொண்டு ஒப்பிடுவார்கள். ஓர் ஆலைக்கு 100 கிலோவுக்கு இத்தனை மணி, பக்கத்து ஆலைக்கு அதைவிடக் குறைவு என்றால், எந்த இடத்தில் ஆள் அதிகம், எந்த மெஷின் பழசு என்று தேடிப் போகலாம். பணத்தின் பேச்சே இல்லாத சுத்தமான அளவு இது.

ஆனால் ஆலை வாசலைத் தாண்டிவிட்டால் இது உதவாது. 100 கிலோ நூல் பெரிதா, 20 பம்பு பெரிதா, 500 பனியன் பெரிதா? கிலோவையும் எண்ணிக்கையையும் கூட்ட முடியாது. வேறு வேறு தொழில்களை ஒப்பிட ரூபாயைத் தவிர வேறு பொதுவான அளவுகோல் நம்மிடம் இல்லை. ரூபாய் உள்ளே வந்தவுடன் சிக்கலும் கூடவே வந்துவிடும்.

முதல் தப்பு விற்றுமுதலை, அதாவது மொத்த விற்பனைத் தொகையை எடுத்துக்கொள்வது. ஓர் உதாரணம் பார்ப்போம். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனம், ஆண்டுக்கு 10 கோடி ரூபாய்க்கு விற்கிறது, 100 பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு 10 லட்சம். அதே தெருவில் ஒரு பவர்டேபிள், அதாவது ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட். வெட்டிய துணியை ஏற்றுமதியாளர் அனுப்புவார். இவர்கள் ஓவர்லாக், பேட்லாக் தையல்களை அடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆண்டு வருமானம் 60 லட்சம், ஆட்கள் 25 பேர். ஆளுக்கு 2.4 லட்சம். பார்த்தால் ஏற்றுமதி நிறுவனத்தின் தொழிலாளி நான்கு மடங்கு கெட்டிக்காரர் போல இருக்கிறது.

இப்போது மேல் பாதியைத் திருத்துவோம். ஏற்றுமதி நிறுவனத்தின் 10 கோடிக்குள் நூல் வாங்கிய காசு, நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் கொடுத்த காசு, பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி, மின்சாரம், ஏன் பவர்டேபிளுக்குக் கொடுத்த தையல் கூலியும் இருக்கிறது. இவையெல்லாம் மற்றவர்கள் உண்டாக்கிய மதிப்பு. மொத்தம் 7.5 கோடி என்று வைத்துக்கொண்டால், இந்த நிறுவனம் தானே சேர்த்தது 2.5 கோடிதான். ஆளுக்கு 2.5 லட்சம். பவர்டேபிளுக்கோ துணிச் செலவே கிடையாது. மின்சாரம், ஊசி, மெஷின் எண்ணெய், உதிரிப் பாகம் என்று 6 லட்சம் கழித்தால் மிச்சம் 54 லட்சம். ஆளுக்கு 2.16 லட்சம். நான்கு மடங்கு இடைவெளி எங்கே போயிற்று? இரண்டும் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்துவிட்டன.

இப்படி வெளியிலிருந்து வாங்கியதைக் கழித்து மிஞ்சுவதைத்தான் மதிப்புக் கூட்டல் என்கிறோம். தொழில்களை ஒப்பிடும்போது சூத்திரத்தின் மேலே இதுதான் வர வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் கழிக்க வேண்டாமா? கூடாது. சம்பளம் வெளியிலிருந்து வாங்கிய சரக்கு இல்லை; அந்த இடத்தில் உண்டான மதிப்பில் தொழிலாளியின் பங்கு. சம்பளம், வட்டி, மெஷின் தேய்மானம், முதலாளியின் லாபம் எல்லாம் சேர்ந்ததுதான் மதிப்புக் கூட்டல். அதனால் ஆளுக்கு 2.16 லட்சம் என்றால், அது அவர் கைக்கு வந்த பணம் என்று அர்த்தமில்லை.

சோமனூர் தறிப்பட்டறையில்

மதிப்புக் கூட்டல் என்ற எண் எவ்வளவு தூரம் உழைப்பைக் காட்டுகிறது என்பதைப் புரிந்துகொள்ள விசைத்தறியைப் போல நல்ல இடம் கிடையாது. இங்கே பெரும்பாலும் கூலி நெசவுதான். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுப்பார். தறிக்காரர் நெய்து துணியாகக் கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். அந்தக் கூலியை உயர்த்தக் கேட்டு சோமனூர், பல்லடம் பக்கத் தறிக்காரர்கள் பல முறை தறிகளை நிறுத்திப் போராடியிருக்கிறார்கள்.

எட்டுத் தறி உள்ள ஒரு பட்டறை. இருவர் வேலை செய்கிறார்கள். ஆண்டுக் கூலி வரவு 6 லட்சம், மின்சாரமும் உதிரிப் பாகமும் 1.5 லட்சம் என்று வைப்போம். மிச்சம் 4.5 லட்சம், ஆளுக்கு 2.25 லட்சம். இப்போது போராட்டம் நடந்து கூலி 20 சதவீதம் ஏறுகிறது. வரவு 7.2 லட்சம், மதிப்புக் கூட்டல் 5.7 லட்சம்; ஆளுக்கு 2.85 லட்சம். உற்பத்தித்திறன் 27 சதவீதம் ஏறியதாகக் கணக்கு சொல்லும். தறி ஒரு மீட்டர்கூட அதிகம் ஓடவில்லை. ஊடை நூலை இழுத்துச் செல்லும் நாடா அதே வேகத்தில்தான் போய்வருகிறது. மாறியது பேரம் மட்டும். நூல் கொடுத்தவர் பக்கம் இருந்த மதிப்பு கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. அவருடைய கணக்கில் மதிப்புக் கூட்டல் அதே தொகைக்கு இறங்கியிருக்கும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு தொழிலில் ஆளுக்கு மதிப்பு குறைவு என்றால், அங்கே இருப்பவர்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்பது ஒரு சாத்தியம் மட்டுமே. அவர்களுக்கு விலை சொல்லும் பலம் இல்லை என்பது இன்னொன்று. கூலிக்கு வேலை செய்யும் எல்லா இடத்திலும் இந்த இரண்டாவதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

விலை இன்னொரு விதத்திலும் விளையாடும். 2022 மே மாதத்தில் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு கண்டி என்பது 356 கிலோ. நூல் விலையும் கூடவே ஏறியது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பல மாதம் முன்பே விலை பேசி முடித்துவிட்ட பனியன் கம்பெனிக்கு அந்தச் சமயத்தில் வாங்கும் செலவு மட்டும் ஏறுகிறது. தையல் மெஷின் அருகில் உட்கார்ந்திருப்பவர் நேற்றைப் போலவே இன்றும் தைக்கிறார். ஆனாலும் அவர் 'உற்பத்தித்திறன்' விழுந்துவிட்டது. இந்த மாதிரி ஏற்ற இறக்கத்தைச் சலித்து எடுக்கத்தான் நிலையான விலையில் கணக்குப் போடுவார்கள். ஓர் ஆண்டை அடிப்படையாக வைத்து, அந்த ஆண்டின் விலையிலேயே எல்லா ஆண்டின் உற்பத்தியையும் மதிப்பிடுவது அது. பல ஆண்டுகளாக 2011-12 அந்த அடிப்படை ஆண்டாக இருந்தது. ஒரு தொழிலை அதன் பழைய நிலையோடு ஒப்பிட வேண்டுமா, நிலையான விலை. இன்றைக்கு இரண்டு தொழில்களை அருகருகே வைக்க வேண்டுமா, நடப்பு விலை போதும். ஆனால் அந்த ஆண்டில் விலை எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, விலையையும் பேரத்தையும் ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருக்கும் வித்தியாசத்துக்கு என்ன காரணம்? பெரும்பாலும் மெஷின். சென்னை மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடத்தில், கொஞ்சம் பேரைச் சுற்றி ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்க்குக் குழாயும் கோபுரமும் நிற்கிறது. ஆளுக்கு மதிப்பு அங்கே வானளவு. தையல் தொழிலாளியைச் சுற்றி இருப்பது ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும். நூற்பாலைக்குள்ளேயே, நூல் சுற்றிய கட்டைகளைத் தானே கழற்றி மாட்டும் மெஷின் வந்த பிறகு ஒரு வரிசைக்குத் தேவையான ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அந்த எண்ணில் ஆளின் திறமை, மெஷினின் திறமை, போட்ட முதல் எல்லாம் கலந்துதான் கிடக்கும். மெஷினையும் சேர்த்துக் கழித்துப் பார்க்கும் அளவு ஒன்றும் உண்டு, மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்பார்கள். மெஷின்களின் மதிப்பைச் சரியாகக் கணிப்பது பெரும்பாடு என்பதால் அதைத் தொடங்கும்போதே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீழ்ப் பாதியில் யார் யார்?

மறுபடியும் அதே எட்டுத் தறிப் பட்டறைக்குப் போவோம். இருவர் என்று சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்காரம்மா தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் கட்டை, சுற்றிக்கொண்டிருக்கிறார். காலையில் சமையல் முடித்து உட்கார்ந்தால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும்வரை அந்த வேலைதான். தார் இல்லாமல் நாடா ஓடாது. அவருக்குத் தனியாகச் சம்பளம் இல்லை. அவரையும் ஆளாக எண்ணினால் 4.5 லட்சத்தை மூன்றால் வகுக்க வேண்டும், ஆளுக்கு 1.5 லட்சம்தான். அரசு நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவர்களையும் தொழிலாளர் என்றே எண்ணுகிறது. ஆனால் கேட்கிறவரிடம் 'வீட்டில் சும்மாதான் இருக்கிறார்' என்று பதில் வந்துவிட்டால், அவர் கணக்கிலிருந்து நழுவிவிடுவார். பெண்கள் அதிகம் உழைக்கும் தொழில்களில் இந்த நழுவல் அதிகம்.

நேர்மாறான விளையாட்டும் நடக்கும். ஓர் ஆலை தன் வாட்ச்மேன்களையும் கேன்டீன் ஆட்களையும் துப்புரவு ஆட்களையும் காண்ட்ராக்டுக்கு மாற்றிவிடுகிறது என்று வையுங்கள். அதே மனிதர்கள் அதே வாசலில்தான் நிற்பார்கள். ஆனால் இனி அவர்கள் சேவைத் துறை. ஆலையின் ஆள் எண்ணிக்கை குறைந்து உற்பத்தித்திறன் 'ஏறும்'. சேவைத் துறையின் சராசரி இறங்கும்.

அப்புறம், எந்த அளவுள்ள நிறுவனங்களை எண்ணுகிறோம் என்பது. தொழிற்சாலைகளைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அளவுகோலைப் பின்பற்றி வந்திருக்கிறது: மின்சாரம் இருந்தால் 10 ஆட்கள், இல்லாவிட்டால் 20 ஆட்கள். இந்தியாவிலேயே அதிகமான தொழிற்சாலைகள் தமிழ்நாட்டில்தான் என்று படிக்கிறோமே, அது இந்தக் கணக்கெடுப்பிலிருந்து வருவது. எட்டு மெஷின் போட்ட பவர்டேபிளும் இரண்டு பேர் வேலை செய்யும் தறிப்பட்டறையும் இதில் வராது. அவற்றுக்குச் சிறு நிறுவனங்களுக்கான தனிக் கணக்கெடுப்பு இருக்கிறது. தொழிற்சாலைக் கணக்கெடுப்பை மட்டும் எடுத்து 'ஜவுளித் துறையில் ஆளுக்கு இவ்வளவு' என்றால், பெரிய நிறுவனங்களின் எண்ணைத்தான் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறோம்.

சுலபமான ஒரு வழி

ஒரு வட்டாரம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க ஒரு நல்ல குறுக்கு வழி உண்டு. ஒரு துறை மொத்த மதிப்பில் எத்தனை சதவீதம், மொத்தத் தொழிலாளர்களில் எத்தனை சதவீதம் என்று இரண்டை மட்டும் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் போதும். விடை 1 என்றால் சராசரி. 1-க்கு மேல் என்றால் சராசரிக்கு மேல்.

இந்தியா முழுவதற்கும் பார்த்தால், 2023-24-இல் வேளாண்மையும் சார்ந்த தொழில்களும் மதிப்பில் சுமார் 18 சதவீதம், தொழிலாளர்களில் சுமார் 46 சதவீதம். 18-ஐ 46-ஆல் வகுத்தால் 0.4. மற்றத் துறைகள் எல்லாம் சேர்த்து 82-ஐ 54-ஆல் வகுத்தால் 1.5. ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசம். தமிழ்நாட்டில் வேளாண்மையின் மதிப்பு சுமார் 13 சதவீதம். அதை நம்பியிருக்கும் தொழிலாளர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். ஆக இங்கேயும் விடை சராசரியில் பாதி அளவில்தான் நிற்கிறது.

இந்த இடைவெளியை வைத்துத்தான் 1979-இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ் 1954-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு விஷயத்தைச் சொன்னார்: காட்டு வேலையிலிருந்து, அதாவது விவசாயத்திலிருந்து, ஆட்கள் தொழிற்சாலைக்கு நகர்வதே வளர்ச்சிக்கு ஒரு பெரிய வழி. 100 பேர் இருக்கிறார்கள். 50 பேர் ஆளுக்கு 1 லட்சம் தரும் வேலையில், 50 பேர் 3 லட்சம் தரும் வேலையில். சராசரி 2 லட்சம். பத்துப் பேர் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் சராசரி 2.2 லட்சம். எந்தத் துறையிலும் யாரும் வேகமாக வேலை செய்யவில்லை. ஆனாலும் வட்டாரத்தின் உற்பத்தித்திறன் 10 சதவீதம் ஏறிவிட்டது. இதே சக்கரம் பின்னாலும் சுழலும். 2018-19-இல் இந்தியத் தொழிலாளர்களில் 42.5 சதவீதம் பேர் வேளாண்மையில் இருந்தார்கள். கொரோனா காலத்தில், 2020-21-இல், அது 46.5 சதவீதமாக ஏறியது. நகரத்தில் வேலை போய் ஊருக்குத் திரும்பியவர்களின் சுவடு அந்த எண்ணில் இருக்கிறது.

சில துறைகளை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவே கூடாது என்பது என் கருத்து. மனை வணிகத் துறையை எடுங்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுப்பதாக ஒரு தொகையை மதிப்பிட்டு, அதையும் அந்தத் துறையின் மதிப்பில் சேர்ப்பார்கள். அந்த மதிப்பை உண்டாக்க ஒரு தொழிலாளியும் இல்லை. அதனால் ஆளுக்கு மதிப்பு எங்கேயோ போய் நிற்கும். அரசு நிர்வாகம் அதற்கு மறுபக்கம்: சந்தை விலை இல்லாததால் அதன் மதிப்பையே செலவை வைத்து, முக்கியமாகச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஊதியக் குழு சம்பளத்தை உயர்த்தினால் நடப்பு விலையில் 'உற்பத்தித்திறனும்' உயர்ந்துவிடும். முடிதிருத்தும் கடையில் ஒருவருக்கு ஆகும் நேரம் நம் தாத்தா காலத்திலும் ஏறத்தாழ இதேதான். கட்டணம் மட்டும் ஏறியிருக்கிறது. மற்ற வேலைகளில் கூலி ஏறும்போது இங்கேயும் ஏறாவிட்டால் கத்தரி பிடிக்க யாரும் வரமாட்டார்கள்.

கடைசியாக நேரம். பலரும் தவறவிடுவது இது. திருப்பூரில் பல இடங்களில் வேலை நாள் என்பது ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குத் தொடங்கினால் இரவு எட்டரை. சாப்பாட்டு, டீ நேரம் போக 11 மணி நேரம் என்று வைப்போம். ஆண்டுக்கு 290 நாள் என்றால் 3,190 மணி. நம் பவர்டேபிளின் 2.16 லட்சத்தை இதனால் வகுத்தால் மணிக்கு 68 ரூபாய். மஞ்சள் காட்டு வேலைக்குப் போகும் ஒருவர், ஆண்டில் 150 நாள், நாளுக்கு 7 மணி நேரம், அவரால் உண்டாகும் மதிப்பு 75 ஆயிரம் என்று வையுங்கள். 1,050 மணிக்கு வகுத்தால் மணிக்கு 71 ரூபாய். ஆண்டுக் கணக்கில் மூன்று மடங்கு இருந்த வித்தியாசம் மணிக் கணக்கில் காணாமல் போய்விட்டது. நான் வைத்த எண்களில் இது முழுதாக மறைகிறது. நிஜத்தில் எல்லா இடத்திலும் இப்படி மறையாது, ஆனால் சுருங்கும். காட்டில் அவருக்குக் குறையாக இருந்தது வேலை நாள்.

இப்போது அவரே பனியன் கம்பெனிக்குப் போகத் தொடங்குகிறார். நம்பியூர் பக்கத்து ஊர் ஒன்றில் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து நிற்கும், தூக்குப்போசியோடு ஏறுவார். இரவு பத்து மணிக்குத் திரும்ப இறங்குவார். அவர் வீடு ஈரோடு மாவட்டம். வீடு வீடாகப் போய் எடுக்கும் தொழிலாளர் கணக்கில் அவர் ஈரோட்டு ஆள். அவர் தைத்த பனியனின் மதிப்பு திருப்பூர் மாவட்டத்தின் உள்நாட்டு உற்பத்தியில் சேர்கிறது. ஒரு மாவட்டத்தில் வகுக்க ஆள் கூடுகிறது, இன்னொன்றில் மதிப்பு மட்டும் கூடுகிறது. இரண்டு மாவட்டத்தையும் தனித்தனியாக ஒப்பிட்டால் திருப்பூர் இருப்பதைவிட உயரமாகவும் ஈரோடு இருப்பதைவிடத் தாழ்வாகவும் தெரியும். அதனால் வட்டாரத்தை ஒப்பிடும்போது நான் மாவட்ட எல்லையை விட்டுவிட்டு, அந்த வேன்கள் எதுவரை போய் ஆள் ஏற்றுகின்றனவோ அதுவரை ஒரே வட்டாரம் என்று எடுத்துக்கொள்வேன்.